கேமரா பாடி கடைசியில்தான்

"பழைய கேமரா ஒண்ணு இருக்கு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமா?" என்று யாராவது கேட்டால், "எந்தப் படம் உங்களுக்குச் சரியாக வரவில்லை?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். மேடையில் ஆடும் பிள்ளையின் கை கால் கலங்கிப் போகிறதா, பறவை புள்ளியாகத் தெரிகிறதா, இருட்டில் ஃபோகஸே பிடிக்க மாட்டேன் என்கிறதா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்தப் படம் என்று சொல்லத் தெரியாவிட்டால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

என்னிடம் இருப்பது 2010இல் வந்த கேனான் 550டி. அண்ணன் மகனிடம் இருப்பது அதே வருடம் வந்த நிக்கான் டி3100. நானும் அவனும் அதிகம் எடுப்பது வீட்டுக்குள்ளும் அரங்கத்துக்குள்ளும் மனிதர்களைத்தான். அதனால் நான் சொல்வதில் அந்தச் சாய்வு இருக்கும். காட்டுக்குள் போய்ப் பறவை பிடிப்பவர்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்து படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் செலவில்லாத வேலை. கணினியில் உங்கள் பழைய படங்களைத் திறந்து, எந்த மி.மீ.யில் (எண் சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் நெருங்கிய காட்சி) அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். படத்தின் விவரங்களிலேயே இது பதிவாகியிருக்கும். கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸில் முக்கால்வாசிப் படம் 35க்குப் பக்கத்தில் இருந்தால், அடுத்து வாங்க வேண்டிய லென்ஸ் எது என்று அதுவே சொல்லிவிடும்.

அப்புறம், ஜேபெக்கை விட்டு ராவில் (RAW, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். அதைத் திருத்தும் மென்பொருள்களான டார்க்டேபிள், ராதெரபி இரண்டுமே இலவசம். பழைய சென்சாரின் (ஒளியைப் படமாக்கும் சில்லு) நாய்ஸை, அதாவது படத்தில் வரும் பொரிப்பொரியை, கேமரா தானே ஜேபெக்காக மாற்றும்போது முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். அதே காட்சியை ராவில் எடுத்து, நாய்ஸ் குறைப்பை நம் கையால் அளவாக வைத்தால், கேமரா ஒரு படி ஏறியதுபோல் இருக்கும். கேமரா வந்த காலத்து மென்பொருளைவிட இப்போதுள்ளவை இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன.

சரி, இனி லென்ஸ். கணக்கு எளிது. கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் அகலமான திறப்பு எஃப் 5.6. எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. அதே இடத்தில் எஃப் 2 வைக்க முடிகிற லென்ஸ் இருந்தால் 8 மடங்கு ஒளி உள்ளே வரும். அதாவது ஐஎஸ்ஓ (ஒளி உணர்வை ஏற்றும் எண்) 3200இல் பொரிப்பொரியாக வந்த படம், அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 400இல் வரும். பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, மட்டும் மாற்றி இந்தத் தூரத்தைத் தாண்டுவது சிரமம்.

கேனானில் இதற்கு எல்லோரும் போகிற வழி 50 மி.மீ. எஃப் 1.8. இதில் 1990இல் வந்த பழையதும் உண்டு, 2015இல் வந்த எஸ்டிஎம்மும் (சத்தம் குறைந்த மோட்டார் உள்ளது) உண்டு. பழையதில் மவுன்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) பிளாஸ்டிக், ஃபோகஸ் மோட்டார் கரகரக்கும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் எஸ்டிஎம்மையே எடுங்கள். மவுன்ட் உலோகம், 35 செ.மீ. வரை கிட்டே போகலாம். ஆனால் ஒன்று: 550டி போன்ற சின்ன சென்சாரில் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. போலத்தான் தெரியும். முகத்துக்கு அருமை. சின்ன அறையில் நான்கு பேரைச் சேர்த்து எடுக்க நினைத்தால் முதுகு சுவரில் முட்டும். அப்படி எடுப்பவர்களுக்கு 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம்தான் சரி.

நிக்கான்காரர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். டி3100, டி5100 போன்ற ஆரம்ப நிலை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனக்குள் மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை லென்ஸ் வாங்கினால் கையால்தான் திருக வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள, ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். ஏஎஃப்-பி என்று இருந்தால் அது பிற்பாடு வந்த வகை. டி3100இல் ஃபோகஸ் ஆகாது. அண்ணன் மகனுக்கு நான் சொன்னது 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் (நிக்கானின் சின்ன சென்சாருக்கான வகை). அவன் 50தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். கிட் லென்ஸை 50இல் நிறுத்தி டேப் ஒட்டிக் கொடுத்து, "இதை வைத்தே கொஞ்ச நாள் வீட்டில் எடு" என்றேன். அதன் பிறகு அவனே 35 கேட்டான்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸைக் கையில் வாங்கியதும் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். இரண்டு பக்க மூடியையும் கழற்றுங்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் கண் கூசும், குறை தெரியாது. நாலைந்து தூசி இருந்தால் விட்டுவிடுங்கள், படத்தில் வராது. கண்ணாடி ஓரத்திலிருந்து நூல் நூலாகக் கிளைத்து உள்ளே வந்தால் அது ஃபங்கஸ். அந்த லென்ஸ் வேண்டாம். மொத்தக் கண்ணாடியும் புகை படிந்தாற்போல் இருந்தாலும் வேண்டாம், வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துவிடும். முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் பரவாயில்லை, விலை குறைக்கக் கேளுங்கள். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் எடுக்காதீர்கள்.

அடுத்து, திறப்பைப் பெரிதும் சிறிதும் ஆக்கும் இதழ்கள். ஜி என்று பெயரில் வரும் நிக்கான் லென்ஸாக இருந்தால் பின்னால் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். விரலால் மெதுவாகத் தள்ளி விடுங்கள். இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாக நகர்ந்தாலோ, மேலே எண்ணெய் பளபளத்தாலோ பழுது இருக்கிறது என்று அர்த்தம். கேனானில் இது மின்சாரத்தால் இயங்குவதால், பாடியில் மாட்டி எஃப் 16 வைத்து, ஆழம் பார்க்கும் பட்டனை (டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ) அழுத்தி முன்னால் இருந்து பார்க்க வேண்டும். கடைசியாக ஒரு செங்கல் சுவருக்கு நேராக நின்று, அகலத் திறப்பில் ஒரு படம். நான்கு மூலையில் ஒன்று மட்டும் கலங்கியிருந்தால் அந்த லென்ஸ் எங்கோ கீழே விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஃபிலிம் காலத்துத் திருகு மவுன்ட் லென்ஸ்கள், அதாவது எம்42 வகை, இன்னும் மலிவு. கேனானில் ஒரு வளையம் போட்டால் பொருந்தும், தூரத்து மலை வரை ஃபோகஸ் வரும். நிக்கானில் வராது. லென்ஸ் மவுன்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் கேனானுக்கு 44 மி.மீ., எம்42க்கு 45.46, நிக்கானுக்கு 46.5. இதுதான் காரணம். நடுவில் ஒரு கண்ணாடி வைத்த வளையமும் விற்கிறார்கள், ஆனால் அது படத்தைக் கெடுக்கும். இவற்றுக்குக் கையால்தான் ஃபோகஸ். லைவ் வியூவில், அதாவது பின் திரையில், 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத் திருகுங்கள். ஓடுகிற குழந்தைக்கு இது உதவாது. பூ, பாத்திரம், உட்கார்ந்திருக்கும் தாத்தா என்றால் சுகமான வேலை.

லென்ஸுக்குப் பிறகு என் ஓட்டு ஃபிளாஷுக்கு. கேமராவின் நெற்றியில் எழும்பும் சின்ன ஃபிளாஷைச் சொல்லவில்லை. மேலே மாட்டி, தலையைத் திருப்பி, வெள்ளைக் கூரையில் அடிக்கிற வகை. வெளிச்ச அளவைக் கையால் வைக்கிற மேனுவல் மட்டும் உள்ளதே போதும். பெட்டியில் கிடக்கும் ஃபிலிம் காலத்து ஃபிளாஷை மட்டும் சோதிக்காமல் மாட்டாதீர்கள். சிலவற்றின் அடியில் நூற்றுக்கணக்கான வோல்ட் வரும். கேமராவின் மின்சுற்று போய்விடும்.

சில்லறை விஷயங்கள்: வெள்ளைச் சுவரை எஃப் 16இல் ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. பேட்டரியை முழுதாக ஏற்றி, மெனுவில் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியைத் தூக்கச் சொல்லி, ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் அன்றே மாற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் அந்தப் படம் வரவில்லை என்றால்தான் பாடி. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்குப் பலர் போய்விட்டதால், கண்ணாடி உள்ள நடுத்தர டிஎஸ்எல்ஆர்கள் நல்ல நிலையில் கைக்கு வருகின்றன. கேனானில் 70டி, 80டி. நிக்கானில் டி7100, டி7200. நிக்கானின் இந்த வரிசையில் பாடிக்குள் மோட்டார் இருப்பதால் முன்பு சொன்ன ஏஎஃப்-டி லென்ஸ்களும் தானாக ஃபோகஸ் ஆகும். ஃபுல் ஃபிரேம் (ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) ஆசை இருந்தால் உங்கள் கேனான் லென்ஸின் மவுன்டைப் பாருங்கள். வெள்ளைச் சதுரக் குறி இருந்தால் அது இஎஃப்-எஸ், ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டாது. சிவப்புப் புள்ளி இருந்தால் அது இஎஃப், மாட்டும். பின்னால் அதே நிறுவனத்தின் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் ஃபோகஸோடு வேலை செய்யும்.

பாடி வாங்கும்போது ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று, கேளுங்கள். நிக்கானில் எடுத்த படத்துக்குள்ளேயே அந்த எண் இருக்கும். கேனானில் பெரும்பாலும் கேபிள் போட்டு மென்பொருளால்தான் படிக்க முடியும். ஒரு லட்சம் தாண்டிவிட்டதாலேயே ஒதுக்க வேண்டாம், விலையில் பேசிக்கொள்ளலாம். பழைய பாடியை விற்பதாக இருந்தால் கிட் லென்ஸைச் சேர்த்தே கொடுத்துவிடுங்கள், தனியாக அதைக் கேட்டு யாரும் வருவதில்லை.