ஆஸ்திரேலியா பிஆர்: தோட்டப்புற மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், லூனாஸ் மாதிரி தோட்டம் சூழ்ந்த ஊர்களிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் வீட்டில் ஒரே கணக்குதான்: படிப்பு முடிந்தால் வேலை, வேலை கிடைத்தால் பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை. சேமநிதியில் எடுத்த பணம், அடகுக்குப் போன நகை எல்லாம் அந்தக் கணக்கை நம்பித்தான். ஆனால் பிஆர் கைநழுவும்போது காரணம் பெரும்பாலும் பிள்ளையின் மதிப்பெண் இல்லை. ஒரு பத்திரத்தில் மாறிப்போன எழுத்து, தவறவிட்ட ஒரு தேதி, யாரோ சொன்னதை நம்பி நிரப்பிய ஒரு கட்டம். இவற்றில் பாதி, விமானம் ஏறும் முன்பே ஊரில் சரிசெய்திருக்கக் கூடியவை.

எங்கே படிக்கிறோம் என்பதில் வரும் முதல் அடி

செலவைக் குறைக்க 2+1 கூட்டுப் பட்டப் படிப்பில் (டுவின்னிங்) சேர்வது நம்மிடம் வழக்கம். இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் அங்கே. பட்டம் ஆஸ்திரேலியப் பட்டம்தான், அதில் குறையில்லை. ஆனால் குடிநுழைவுத் துறை பார்ப்பது 'ஆஸ்திரேலியக் கல்வி நிபந்தனை'யை. பதிவு பெற்ற படிப்பில் குறைந்தது 92 வாரம், அதுவும் ஆஸ்திரேலிய மண்ணில் இருந்து, 16 மாதத்துக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும். ஒரு வருடம் மட்டும் போனவருக்கு இது நிறைவேறாது. பிஆருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் புள்ளிக் கணக்கில் 5 போவது ஒரு பக்கம் இருக்கட்டும், படிப்பு முடிந்து தங்கி வேலை செய்ய உதவும் 485 விசாவே கிடைக்காது. சன்வேயிலுள்ள மொனாஷ், மிரியிலுள்ள கர்ட்டின், கூச்சிங்கிலுள்ள சுவின்பர்ன் வளாகங்களில் படித்த காலமும் இந்தக் கணக்கில் சேராது. பிஆர் எண்ணம் இருந்தால் 1+2 ஆகப் போவது நல்லது. பணம் அதற்கு இடம் தராவிட்டால், 2+1 முடித்துவிட்டு அங்கேயே இன்னொரு தகுதியான படிப்பைச் சேர்த்து 92 வாரத்தை நிறைவு செய்ய முடியுமா என்று சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் தேர்விலும் கவனம் வேண்டும். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பன் தவிர மற்ற இடங்கள் 'வட்டாரப் பகுதி' என்று கணக்கிடப்படுகின்றன. பெர்த், அடிலெய்ட் எல்லாம் அதில் அடக்கம். அங்கே தங்கிப் படித்தால் கூடுதலாக 5 புள்ளி. அத்தை வீடு மெல்பர்னில் இருக்கிறது என்பதற்காக மட்டும் மெல்பர்ன் போகிறவர்கள் இந்த 5 புள்ளிக்காகப் பின்னால் மிகவும் அலைய வேண்டியிருக்கும்.

பெயரும் பத்திரமும்

நம் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் சிக்கல் இது. ஆகவே விரிவாகச் சொல்ல வேண்டும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடப்பிதழில் 'சரவணன் ஏ/எல் முனியாண்டி' என்று ஒரே வரியாக இருக்கும் ('ஏ/எல்' என்றால் மகன்). ஆஸ்திரேலியப் பாரங்களோ குடும்பப் பெயர், முன் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நடுவில் வரும் சாய்வுக்கோடு (/) பல இணையப் பாரங்களில் ஏறாது. பல்கலைக்கழகத்தில் ஒரு மாதிரி, ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வில் இன்னொரு மாதிரி, வங்கியில் வேறு மாதிரி என்று பிள்ளை அவ்வப்போது தோன்றியபடி நிரப்பிவிடுகிறது. மூன்று வருடம் கழித்து ஒரே ஆளுக்கு நான்கு பெயர். முதல் நாளே ஒரு முறையை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். ஏற்கெனவே மாறிப்போயிருந்தால் மறைக்க வேண்டாம். விசா பாரத்தில் 'வேறு பெயர்களில் அறியப்பட்டதுண்டா' என்ற கேள்வி வரும். அங்கே எல்லா வடிவத்தையும் எழுதுங்கள். காவல்துறைச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது அப்பாவின் பெயர். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணியோ ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவோ காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் இவை. முனியாண்டி என்பதன் கடைசி ஆங்கில எழுத்து அப்பாவின் ஐசியில் (அடையாள அட்டையில்) 'ஒய்', பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'ஐ'. தங்கையின் பத்திரத்தில் நடுவே ஒரு எழுத்து கூடுதல். இங்கே யாரும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. அங்கே அதிகாரி கோப்பை விரிக்கும்போது, இவர் இவருடைய மகன்தானா என்ற கேள்வி எழும். புறப்படும் முன் அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் ஐசி, பிறப்புப் பத்திரம், கடப்பிதழ், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தேசியப் பதிவிலாகாவில் திருத்த முடிந்ததைத் திருத்துங்கள்; அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால்தான் முன்கூட்டியே சொல்கிறோம். திருத்த முடியாததற்கு, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்புப் பத்திரம் மலாய் மொழியில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. ஆஸ்திரேலியாவுக்குள் செய்தால், மொழிபெயர்ப்பாளர்களை அங்கீகரிக்கும் நாட்டி அமைப்பின் அங்கீகாரம் பெற்றவர் செய்ய வேண்டும். மலேசியாவில் செய்தால் மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். டவுனில் தட்டச்சுக் கடைக்காரர் கையெழுத்தில்லாமல் செய்துகொடுத்த தாள் எடுபடாது.

காவல்துறைச் சான்று, அதாவது 'சிஜில் கெலாக்குவான் பாயிக்', வெளியுறவு அமைச்சின் வழியே இணையத்தில் விண்ணப்பிப்பது. கடந்த 10 வருடத்தில் 12 மாதத்துக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று தேவை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். பள்ளிப் பருவத்தில் ஒரு அடிதடி வழக்கு, ஓர் இரவு லாக்கப் என்று ஏதாவது இருந்தால், பயந்து மறைத்துவிடாதீர்கள். சின்ன வழக்கு பெரும்பாலும் பிஆரைத் தடுக்காது. மறைத்தது தெரிந்தால் பொய்த் தகவல் விதியின்கீழ் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், 3 வருடத்துக்கு மறு விண்ணப்பமும் முடியாது. அடையாளம் குறித்த பொய்யென்றால் 10 வருடம்.

ஆங்கிலத் தேர்வு

எஸ்பிஎம் 1119 ஆங்கிலம், முயெட் (மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு) இரண்டையும் பல்கலைக்கழகம் ஏற்றிருக்கலாம். பிஆர் விசாவுக்கு அவை செல்லாது. மலேசியக் கடப்பிதழுக்கு விலக்கும் இல்லை.

புள்ளிக் கணக்கில் பார்ப்பது சராசரியை அல்ல, கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்ற நான்கு பிரிவையும் தனித்தனியாக. ஐயெல்ட்ஸில் மொத்தம் 7.5 எடுத்து எழுத்துப் பிரிவில் மட்டும் 6.5 வந்தால் கிடைப்பது பூஜ்யம். நான்கிலும் 7 என்றால் 10 புள்ளி, நான்கிலும் 8 என்றால் 20. பிடிஇ என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்கள் 'ஒவ்வொன்றிலும் 65 போதும்' என்று முன்னே போன அண்ணன்மார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பழைய கணக்கு. 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதிய தேர்வுகளுக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் தனி இலக்கு வைத்துவிட்டார்கள். இன்னொன்று: பிஆர் தரும் திறன் விசாவுக்குத் தேர்வு முடிவு 3 வருடம் செல்லும், 485 விசாவுக்கோ விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்துக்குள் எழுதியிருக்க வேண்டும்.

பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருப்பது

485 விசாவுக்குப் படிப்பு முடிந்த 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த 6 மாதம் எப்போது தொடங்குகிறது? பல்கலைக்கழகம் தரும் படிப்பு நிறைவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து. விழா அதற்கு எத்தனையோ மாதம் கழித்து நடக்கும். அம்மா அப்பாவை வரவழைத்து, அங்கி போட்டுப் படம் எடுத்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கதவு சாத்திவிடும். விண்ணப்பிக்கும்போதே ஆங்கிலத் தேர்வு முடிவு, மருத்துவக் காப்புறுதி, ஆஸ்திரேலியக் கூட்டரசு காவல்துறைச் சான்றுக்கு விண்ணப்பித்ததற்கான ஆதாரம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். கடைசிப் பருவத்திலேயே தயார் செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்த விசாவுக்கு வயது வரம்பு 35 ஆகக் குறைந்துவிட்டது. முனைவர் பட்டம், ஆய்வு முதுகலை முடித்தவர்களுக்கு மட்டும் 50. வேலை செய்து காசு சேர்த்துவிட்டு முப்பதுகளில் முதுகலை படிக்கப் போகிறவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

வேலை நேரமும் வேலை ஆதாரமும்

படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. விடுமுறையில் வரம்பில்லை. தவறு நடப்பது கணக்கில். இரண்டு வாரம் என்பது எந்தத் திங்கட்கிழமையிலிருந்தும் தொடங்கும் 14 நாள். முதல் வாரம் 20, இரண்டாம் வாரம் 28, மூன்றாம் வாரம் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் சேர்ந்து 48, சரி. இரண்டும் மூன்றும் சேர்ந்தால் 52. விதி மீறல். முதலாளி சம்பளம் போடும்போதே விவரம் வரித்துறைக்குப் போய்விடுகிறது. விசா வைத்திருப்பவர்களின் தகவலோடு வரித்துறை ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. கையில் காசாக வாங்கினால் தப்பிக்கலாம் என்பதும் தவறு. அந்த வேலை பின்னாளில் அனுபவமாகவும் எண்ணப்படாது.

ஊரில் செய்த வேலைக்குப் புள்ளி கேட்கிறவர்கள் சேமநிதி அறிக்கை, ஈஏ பாரம் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பள விவரம்), சம்பளச் சீட்டு மூன்றையும் காட்ட வேண்டும். சேமநிதி பிடிக்காமல் சம்பளம் கொடுத்த சின்னக் கம்பெனியில் மூன்று வருடம் இருந்தாலும் நிரூபிப்பது கடினம். கம்பெனிக் கடிதத்தில் 'நல்ல பணியாளர்' என்ற புகழ் தேவையில்லை. என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, இவைதான் வேண்டும். பொறியியல் துறையினர் திறன் மதிப்பீட்டுக்கு எழுதும் அறிக்கையை இணையத்தில் விலைக்கு வாங்கி அனுப்புவது இன்னும் பெரிய ஆபத்து. நகலெடுத்தது கண்டுபிடிக்கப்பட்டால் அந்த மதிப்பீடே போய்விடும்.

65 புள்ளி

65 என்பது விண்ணப்ப வரிசையில் நிற்கக் கிடைக்கும் அனுமதி மட்டுமே. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு, கூடுதல் புள்ளி உள்ளவர்களுக்கு முதலில் போகும். பெர்த்தில் படித்து முடித்த, திருமணமாகாத, 23 வயதுப் பிள்ளையின் கணக்கு இப்படி: வயதுக்கு 25, இளங்கலைப் பட்டத்துக்கு 15, ஆஸ்திரேலியக் கல்விக்கு 5, வட்டாரக் கல்விக்கு 5, துணை இல்லாததற்கு 10. மொத்தம் 60. நாட்டி நடத்தும் சிசிஎல் என்ற மொழித் தேர்வைத் தமிழில் எழுதித் தேறினால் 5 சேர்ந்து 65. ஆங்கிலத்தில் நான்கிலும் 8 எடுத்தால் 85. 25 வயது நிறைந்ததும் வயதுப் புள்ளி 30 ஆகும். 33 ஆனதும் மறுபடி 25.

அந்த சிசிஎல் தேர்வு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு எட்டக்கூடியதே. 90 மதிப்பெண்ணுக்கு 63 வேண்டும், இரண்டு உரையாடலிலும் தலா 29-க்குக் குறையக் கூடாது. நம் பேச்சில் கலந்திருக்கும் மலாய்ச் சொற்களை அங்கே பயன்படுத்தினால் மதிப்பெண் போகும். மருத்துவம், சட்டம், காப்புறுதி சார்ந்த தமிழ்ச் சொற்களைப் பழகிக்கொண்டு போங்கள்.

அழைப்புக்காக முதலில் பதியும் விருப்ப மனுவில் இல்லாத புள்ளியைச் சேர்த்து எழுதுவது மன்னிக்கப்படாத தவறு. அழைப்பு வந்த நாளில் அந்தப் புள்ளி உண்மையாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கட்டிய கட்டணமும் திரும்பாது. திறன் மதிப்பீடும் ஆங்கிலத் தேர்வும் அழைப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அழைப்புக்குப் பிறகு விண்ணப்பிக்க 60 நாள்தான்.

திருமண விஷயத்தில் நம்மவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, ஆனால் பதிவு செய்யவில்லை. ஆகவே 'தனி ஆள்' என்று போட்டு 10 புள்ளி வாங்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். இருவரும் தம்பதியாக வாழ்ந்தால், பதிவு இல்லாவிட்டாலும் நீங்கள் அந்தக் கட்டத்தில் தனி ஆள் இல்லை. இரண்டு வருடம் கழித்துத் துணையை அழைக்கும்போது அதே கல்யாணப் படத்தைத்தானே ஆதாரமாகக் காட்ட வேண்டும்? மலேசியாவில் 1982 மார்ச் 1 முதல் இந்துத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம். முறையாகப் பதிந்துவிட்டு உள்ளதை எழுதுங்கள்.

காத்திருக்கும் காலத்தில்

பிஆர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, பழைய விசா முடிந்தவுடன் பிரிட்ஜிங் விசா ஏ என்ற இடைக்கால விசா நடப்புக்கு வரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்கு வந்தால், விமானம் ஏறிய நாளோடு அது முடிந்துவிடும். திரும்பி உள்ளே போக முடியாது. வெளியேறும் முன் பிரிட்ஜிங் விசா பி வாங்கியிருக்க வேண்டும். வீட்டில் வயதானவர்களோ நோயாளிகளோ இருந்தால், திடீர்ச் சாவுச் செய்தி வரும் நாளில் இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. முன்பே விண்ணப்பித்து வையுங்கள்.

முகவரைப் பற்றி. கல்லூரியில் சேர்த்துவிடும் ஏஜெண்டுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம். குடிநுழைவு ஆலோசனை அவர் வேலை இல்லை. பதிவு பெற்ற குடிநுழைவு முகவருக்கு மார்ன் எனும் 7 இலக்கப் பதிவு எண் இருக்கும், முகவர்களைப் பதிவு செய்யும் ஓமாராவின் இணையப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். யார் நிரப்பினாலும் கணக்கும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும், அல்லது அவர் அனுப்பியதன் முழு நகல் உங்களிடம் இருக்கட்டும். துறை கூடுதல் ஆதாரம் கேட்டால் பொதுவாக 28 நாள்தான் தரும். அந்தக் கடிதம் ஏஜெண்டின் மின்னஞ்சலில் தூங்கினால் பாதிப்பு உங்களுக்கு.

ஜேபிஏ (மலேசியப் பொதுச் சேவைத் துறை) உபகாரச் சம்பளத்தில் போகிறவர்கள் ஒப்பந்தத்தை மறுபடி படியுங்கள். திரும்பி வந்து வேலை செய்யும் கடப்பாடு அதில் உண்டு, ஜாமீன் கையெழுத்து போட்டவர் உங்கள் மாமாவோ பெரியப்பாவோ. அங்கேயே தங்கிவிட்டால் பணம் கேட்டுக் கடிதம் போவது அவர் வீட்டுக்கு. பிஆருக்கு விண்ணப்பிக்கும் முன் அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், திருப்பிச் செலுத்தும் ஏற்பாட்டையும் எழுத்தில் செய்துகொள்ளுங்கள்.

பிஆர் கிடைத்தாலும் மலேசியக் குடியுரிமை போகாது. ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்தால்தான் போகும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிஆரின் பயண அனுமதி 5 வருடத்துக்கு. அதற்குப் பிறகு வெளியே போய்த் திரும்ப, மீள்வருகை விசா வேண்டும். அதற்கு முந்தைய 5 வருடத்தில் 2 வருடமாவது அங்கே வாழ்ந்திருந்தால் எளிது. விதிகள் பெரும்பாலும் ஜூலை 1-ஆம் தேதியையொட்டி மாறும். ஒவ்வொரு வருடமும் அந்தச் சமயத்தில் விசா விவரங்களைத் தரும் ஆஸ்திரேலிய உள்துறையின் இணையப் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள்.