எல்டிஸ்பைஸில் க்ளாக் ஜிட்டரைச் சேர்ப்பது எப்படி?

எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் வரும் க்ளாக், அதாவது சர்க்யூட்டுக்குத் தாளம் தரும் சிக்னல், கொஞ்சமும் பிசகாது. 10 நானோ செகண்டுக்கு ஒரு எட்ஜ் (சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் இடம்) என்று கொடுத்தால் சரியாக அங்கேதான் வந்து நிற்கும். நிஜ க்ளாக்கில் சர்க்யூட்டின் வெப்ப இரைச்சலால் ஒவ்வொரு எட்ஜும் சில பிக்கோ செகண்ட் முந்தியோ பிந்தியோ வரும். இதுதான் ரேண்டம் ஜிட்டர்.

சில பிக்கோ செகண்ட்தானே என்று விட்டுவிட முடியாது. அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் 12 பிட் ஏடிசிக்கு ஏட்டளவில் 74 டெசிபெல் எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) உண்டு. 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையை, 10 பிக்கோ செகண்ட் ஆர்எம்எஸ் ஜிட்டர் உள்ள க்ளாக்கால் சாம்பிள் செய்தால் அது 64-க்கும் கீழே இறங்கிவிடும். ஒன்றரை பிட்டுக்கு மேல் போயிற்று.

இங்கே 100 மெகாஹெர்ட்ஸ் க்ளாக், 10 பிக்கோ செகண்ட் ஜிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எல்டிஸ்பைஸும் பைத்தானும் போதும், இரண்டுமே இலவசம்.

படி 1: எந்த வகை ஜிட்டர்?

இதை முடிவு செய்யாமல் எதையும் தொடங்காதீர்கள். வரும் க்ளாக்கை வாங்கி முன்னே அனுப்பும் க்ளாக் பஃபர் போன்றவற்றில் ஒரு எட்ஜின் பிழை அடுத்த எட்ஜைப் பாதிக்காது. ஒவ்வொன்றும் தன் சரியான இடத்தைச் சுற்றியே ஆடும். க்ளாக்கைத் தானே உருவாக்கி, கட்டுப்பாடின்றி ஓடும் ஆசிலேட்டரில் அப்படியில்லை. அங்கே ஒரு சுற்று தாமதமானால் அடுத்த சுற்று அந்தத் தாமதத்திலிருந்துதான் தொடங்கும், பிழை சேர்ந்துகொண்டே போகும். சுற்றுக்கு 10 பிக்கோ செகண்ட் என்றால் 1000 சுற்றுகளுக்குப் பிறகு, 1000-இன் வர்க்கமூலத்தால் பெருக்க, சுமார் 316 பிக்கோ செகண்ட். ஆசிலேட்டருக்குப் பஃபரின் மாடலைப் போட்டால் கிடைக்கும் விடை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறாக இருக்கும்.

படி 2: எட்ஜ் நேரங்களை உருவாக்குங்கள்

பல்ஸ் சோர்ஸில் பீரியட் (ஒரு சுற்றின் நேரம்) என்ற இடத்தில், ரேண்டம் எண் தரும் காஸ் ஃபங்ஷனைப் போட்டால் முடிந்ததே என்று தோன்றும். முடியாது. எல்டிஸ்பைஸ் அந்த மதிப்பை ஓட்டத்துக்கு ஒரு முறைதான் கணக்கிடும், பிறகு எல்லாச் சுற்றுக்கும் அதே பீரியட்தான். ஆகவே எட்ஜ் நேரங்களைப் பைத்தானில் கணக்கிட்டு, நேரம், வோல்டேஜ் ஜோடிகளின் பட்டியலான பிடபிள்யூஎல் ஃபைலாகக் கொடுக்கிறோம்.

பைத்தானின் கணித நூலகமான நம்பையின் நார்மல் ரேண்டம் எண்களை, சராசரி 0, சிக்மா (திட்ட விலக்கம்) 10 பிக்கோ செகண்ட் என்று எடுங்கள். பஃபர் வகைக்கு ஒவ்வொரு எட்ஜின் சரியான நேரத்தோடும் ஓர் எண்ணைக் கூட்டுங்கள். ஆசிலேட்டர் வகைக்கு ஒவ்வொரு பீரியடோடும் கூட்டி, பிறகு வரிசையாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ரேண்டம் வரிசையைத் தொடங்கிவைக்கும் சீட் எண்ணை மாற்றாமல் ஒன்றாகவே வையுங்கள். அப்போதுதான் இரண்டு சர்க்யூட்களை அதே ஜிட்டரை வைத்து ஒப்பிட முடியும்.

ஃபைலில் ஒவ்வொரு எட்ஜுக்கும் இரண்டு வரி. 10 நானோ செகண்டில் வர வேண்டிய ஏறும் எட்ஜுக்கு 7.3 பிக்கோ செகண்ட் தாமதம் விழுந்தது என்போம். ஏற 100 பிக்கோ செகண்ட் ஆகும் என்றால், 9.9573 நானோ செகண்டில் 0 வோல்ட், 10.0573-இல் 3.3 வோல்ட். இரண்டுக்கும் நடுப்புள்ளி 10.0073. இறங்கும் எட்ஜுக்கும் இதே முறை.

படி 3: இலக்கங்களைக் கவனியுங்கள்

ஃபைலில் நேரத்தை 6 இலக்கத்தோடு எழுதினால் மொத்த வேலையும் வீண். 5.234567 மைக்ரோ செகண்ட் 5.23457 ஆகிவிடும். கடைசி இலக்கத்தின் மதிப்பே 10 பிக்கோ செகண்ட், அதாவது நம் ஜிட்டர் அளவு! 12 இலக்கமாவது எழுதுங்கள்.

படி 4: ஓட்டுங்கள்

வோல்டேஜ் சோர்ஸில் பிடபிள்யூஎல் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, 10 மைக்ரோ செகண்ட் ட்ரான்சியன்ட் (நேரத்தோடு மாறும் அலையைக் கணக்கிடும் ஓட்டம்) ஓட்டுங்கள். 1000 சுற்றுகள் கிடைக்கும். அதிகபட்ச டைம்ஸ்டெப்பை (சிமுலேட்டர் கணக்கிடும் நேர இடைவெளியை) 20 பிக்கோ செகண்டாக வையுங்கள். எல்டிஸ்பைஸ் அலைவடிவத்தைச் சுருக்கித்தான் சேமிக்கும், அதனால் பிளாட்வின்சைஸ் ஆப்ஷனை 0 ஆக்கிவிடுங்கள்.

முதல் ஓட்டம் சிக்மா 0-இல் இருக்கட்டும். இதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள், எனக்கோ இதுதான் மிக முக்கியமான ஓட்டம். ஜிட்டரே இல்லாத க்ளாக்கைக் கொடுத்தும் அவுட்புட் எட்ஜ் ஆடினால் அது சிமுலேட்டரின் கணக்குப் பிழை. உங்கள் ஜிட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அது இருந்தால் கவலை வேண்டாம். கூடினால் டைம்ஸ்டெப்பைக் குறையுங்கள்.

படி 5: சரிபாருங்கள்

அப்புறம் ஜிட்டரோடு ஓட்டி, 1.65 வோல்ட்டை ஏறும் எட்ஜுகள் கடக்கும் நேரங்களை எடுத்து, பீரியட்களின் திட்ட விலக்கத்தைப் பாருங்கள். க்ளாக் சோர்ஸிலேயே பார்த்தால், பஃபர் வகைக்கு 14 பிக்கோ செகண்டை ஒட்டி வர வேண்டும். ஒரு பீரியடின் இரண்டு முனைகளும் தனித்தனியாக ஆடுவதால் 10-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஆசிலேட்டர் வகைக்கு 10. ஆயிரம் சுற்றுகளில் இரண்டு, மூன்று சதவீதம் முன்பின் இருப்பது இயல்பு.

உச்சத்துக்கு உச்சம் எவ்வளவு என்பதை மட்டும் இந்த ஓட்டத்திலிருந்து படிக்காதீர்கள். பஃபர் வகையில் 1000 எட்ஜுகளின் பிழை வழக்கமாக சிக்மாவைப் போல் ஆறரை மடங்குதான் பரவும், அதாவது 65 பிக்கோ செகண்ட். லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை என்ற அளவுக்கு வடிவமைக்க 14.07 மடங்கு வேண்டும், அது 141 பிக்கோ செகண்ட். சிக்மாவை அளந்து, பெருக்கியே இதைக் கணக்கிடுங்கள்.