மஸ்டாங் காருக்கு ஆட்டோகிராஸ் டயர் எடுக்கப்போறியளா மக்கா, அதான் கோன் வச்சு சுத்தி நேரம் பாக்குற கார் போட்டிக்கு
மொதல்ல சைடுவால்ல, அதான் டயருக்க பக்கவாட்டுல, ட்ரெட்வேர் நம்பரப் பாருங்க, டயர் எவ்வளவு மெதுவா தேயும்னு சொல்லுறது அது, 200ன்னா சரியா வரும், 400க்கு மேல போனா ரொம்ப நாள் ஓடும் ஆனா கோன் சுத்தும்போது வழுக்கும். வெட்டு இல்லாத வழுவழுப்பான ஸ்லிக் டயர் வேண்டாம், ஒரு ரன்னு ஒரு நிமிஷம் போல தான், அது சூடாகுறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரும், போதாததுக்கு நம்ம நாகர்கோவில்ல ஜூன்லயும் மழ அக்டோபர்லயும் மழ, அதுலயே வீட்டுக்கு வரணும்லா.

எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் வண்டிக்க மூக்கு கனம். எல்லாரும் பின் டயர மட்டும் அகலமாக்குவாவ, நானும் அந்தக் கூத்த பண்ணேன், ஸ்டியரிங்க ஒடிச்சா வண்டி நேரா போய் கோன தூக்கிட்டு. முன்னாலயும் ரிம் தாங்குற அகலத்துக்கு போடுங்க.

டயர் செஞ்ச தேதியும் பாருங்க, 2324ன்னா 2024ல 23வது வாரம்.

காத்துக்கு, டயர் ஓரத்துல சாக்பீஸால கோடு போட்டு ஒரு ரன் ஓட்டுங்க, சைடுவால் வர அழிஞ்சிருந்தா 2 பிஎஸ்ஐ ஏத்துங்க, ஓரங்கூட அழியலன்னா கொறைங்க.