பூச்சியத்தைச் சுற்றியுள்ள நாட்கள்: ரொறன்ரோவில் முதல் குளிர்காலம்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "மைனஸ் 20-ஐத் தாங்க முடியுமா?" என்பதுதான். தாங்கலாம். ஜனவரியில் அப்படிச் சில நாட்கள் வரும். அன்றைக்கு எல்லோரும் ஒழுங்காக உடுத்திக்கொண்டே வெளிக்கிடுவார்கள். எனக்குப் பயம் பூச்சியத்துக்கு மேலும் கீழும் போய்வரும் நாட்களில்தான். பகலில் 3 டிகிரி, ஸ்னோ உருகி நடைபாதையில் தண்ணீராக நிற்கும். பொழுதுபட்டதும் மைனஸ் 4, அந்தத் தண்ணீர் உறைந்துவிடும். மறுநாள் விடியப் பஸ்ஸுக்கு ஓடுகிறவருக்கு அது வெறும் ஈரமாகத்தான் தெரியும். அதுதான் பிளாக் ஐஸ், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஐஸ். அதில் விழுந்து கை முறிந்தால், புது வேலை, புது வீடு எல்லாம் தடுமாறிப்போகும். அப்படியான காலைகளில் சின்ன அடியாக, பாதம் முழுவதும் நிலத்தில் படும்படி நடங்கள். கைகளை ஜக்கெட் பைக்குள் விடாமல் கையுறை போட்டு வெளியே வைத்திருங்கள். சறுக்கினால் உடம்பைச் சமாளிக்கக் கை வேண்டும்.

வெயிலைப் பார்த்து உடுப்பைத் தீர்மானிக்க வேண்டாம். இங்கே ஜனவரியில் மேகமே இல்லாத நீல வானம் பெரும்பாலும் கடுங்குளிரின் அடையாளம். வடக்கிலிருந்து இறங்கும் காற்று வறண்டது; மூடுவதற்கு மேகம் இல்லாததால் இரவில் நிலத்தின் சூடு அப்படியே மேலே போய்விடும். வானம் சாம்பல் நிறமாகி ஸ்னோ கொட்டும் நாள் அநேகமாக அதைவிட இதமாக இருக்கும்.

வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு காற்றுக்குளிர் எண்ணையும் பாருங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. அந்த எண் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். காது, மூக்கு நுனி, விரல்கள்தான் முதலில் பாதிக்கப்படும். பஸ் பிந்தும் நகரம் இது. கணக்கில் பஸ் தரிப்பில் நிற்கும் நேரத்தையும் சேருங்கள். ஒரே தடித்த ஜக்கெட்டை விட, உள்ளே மெல்லிய உடுப்பு, நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜக்கெட் என்று அடுக்கிப் போடுவது நல்லது. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிரப்பண்ணும். பணம் குறைவென்றால் முதலில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள்.

வந்தவர்களில் பலர் பேஸ்மென்டில்தான் குடியேறுகிறோம். ரொறன்ரோவில் சூட்டை வீட்டுக்காரர் கொடுக்கும் வாடகை வீடுகளில், குளிர்காலத்தில் 21 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். அவரிடம் சொல்லியும் சரிவராவிட்டால் நகரசபையின் 311 எண்ணை அழைத்து முறையிடலாம். அது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். ஹீட்டர் ஓட ஓட வீட்டுக் காற்று வறண்டு உதடு வெடிக்கும், சில பிள்ளைகளுக்கு மூக்கால் இரத்தம் வரும். ஆனால் சோறு அவித்து, கறி வைத்து, உடுப்பையும் உள்ளே காயப்போட்டால் அந்த ஈரம் குளிர்ந்த ஜன்னலில் நீராக வடியும். மூலையில் பூஞ்சணம் பிடிக்கும். சமைக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கட்டியானால் பழுதில்லை, அது 25 டிகிரிக்குக் கீழே உறைவது இயல்பு. இன்னொன்றை மட்டும் மறக்கவே கூடாது: வெளிச்சுவரில் இருக்கும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாயை ஸ்னோ மூடினால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெருஸ்னோ கொட்டினால் குழாய் வாயைத் துப்புரவாக்குங்கள்; அந்த வாயுவைக் காட்டும் அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

உறைமழையும் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் வரும். மேலே சூடான காற்றில் மழையாகி, நிலத்தை ஒட்டிய குளிரால் எதில் பட்டாலும் உடனே ஐஸாகும். 2013 டிசம்பரில் நத்தாருக்கு முன் அப்படி ஒரு மழை பெய்து, மரக்கொப்புகள் கம்பிகளில் முறிந்து விழ, நகரில் லட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தன. எச்சரிக்கை வந்த உடனே தொலைபேசியைச் சார்ஜ் பண்ணி, டோர்ச்சும் போர்வையும் கைக்கெட்ட வையுங்கள். கரண்ட் போனாலும் கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ உள்ளே மூட்டவே கூடாது.

கார் வாங்கியவர்களுக்கு: 7 டிகிரிக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகிப் பிடிப்புக் குறையும். ஒன்ராறியோவில் குளிர்கால ரயர் கட்டாயமில்லை; போட்டால் காப்புறுதியில் விலைக்கழிவு கேளுங்கள். கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஸ்காபறோவில் வெயில் எறித்தாலும் 400-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே பாரி நகரப் பக்கம் ஒன்றுமே தெரியாமல் போகலாம். ஹியூரன் ஏரியின் ஈரத்தை அள்ளிவரும் காற்று ஒடுங்கிய பட்டையாக ஸ்னோவைக் கொட்டும். பத்து நிமிட ஓட்டத்தில் வானிலை மாறிவிடும். வெளிக்கிட முன் 511 ஒன்ராறியோ தளத்தில் வீதி நிலையைப் பாருங்கள். காரில் போர்வை, ஸ்னோ அள்ளும் சவள், மைனஸ் 40-ஐத் தாங்கும் கண்ணாடி கழுவும் திரவம் இருக்கட்டும். கொண்டாட்டத்துக்குப் பிந்திப் போனாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

மார்ச்சில் ஒரு கிழமை வெயில் எறித்ததும் பூட்ஸைக் கட்டி வைக்க வேண்டாம். ஏப்ரலிலும் ஸ்னோ வரும். இரவிலும் 7 டிகிரிக்கு மேலே தொடர்ந்து நின்றால் ரயரை மாற்றலாம்.