ஒரு நாள் மயிலாப்பூர், ஒரு கையெழுத்து

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள், மார்கழியில் ஒரு நாளை மயிலாப்பூர் கோயிலுக்கும் கச்சேரிக்கும் ஒதுக்குவது எப்படி என்பது இது. மார்கழி பிறப்பது டிசம்பர் 16-ஐ ஒட்டி. சென்னை மியூசிக் அகாடமியின் இசை விழா டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 1 வரை போகும். இந்த இரண்டும் சேரும் நாட்களில் சனி, ஞாயிறையும் 25-ஐயும் தள்ளிவிட்டு, ஒரு வேலைநாளைப் பிடியுங்கள். விடுமுறை நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் நடக்கக்கூட இடம் கிடைக்காது. பயணத்தின் கடைசி நாளில் வைத்துக்கொள்ளவும் கூடாது, மழைக்கு ஒரு மாற்று நாள் கையில் வேண்டும். 2015 வெள்ளம், 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் மூன்றுமே டிசம்பரில் வந்தவை. உங்கள் விமான டிக்கெட்டைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

விடியற்காலைக்குப் போவதா வேண்டாமா என்பதை நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பது தீர்மானிக்கும். சென்னையில் காலை 4 மணி என்றால் சிங்கப்பூரில் 6:30, சிட்னியில் 9:30. உடம்பு தானாக விழித்துக்கொள்ளும். டொரண்டோக்காரர்களுக்கு முந்தின நாள் மாலை 5:30, அவர்கள் எப்படியும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். ஆகவே வந்திறங்கிய முதல் மூன்று நாட்களுக்குள் இதை முடித்துவிடலாம். லண்டன்காரர்களுக்கு மட்டும் அது இரவு 10:30. நான்கைந்து நாள் கழித்துப் போங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் கோயில் படியிலேயே தூங்கிவிடுவார்கள்.

ஐந்தரைக்குக் கபாலீசுவரர் கோயில் பக்கம் இருந்தால் திருவெம்பாவை கேட்கலாம். மாட வீதி பஜனையும் அந்த வேளையில்தான். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் முன்நின்று நடத்திய வழக்கம் அது, இன்றும் நடக்கிறது. செருப்பை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். ஈரக் கோலத்தை மிதிக்காமல் நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், வாசலில் நிற்கும் அம்மாள் எதுவும் சொல்லமாட்டார், பார்ப்பார், அது போதும். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் வேண்டும். அந்த நேரத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கிடைக்காது. கைபேசியில் பணம் செலுத்தும் யுபிஐ உங்களுக்கு வேலை செய்யும் என்று நம்பியும் கிளம்பாதீர்கள்.

போக்குவரத்து: மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி முடியும்வரை லஸ், ஆர்.கே. மடம் சாலைப் பக்கம் தடுப்புகளும் ஒருவழி மாற்றங்களும் உண்டு. வரைபடம் எட்டு நிமிடம் என்றால் அரைமணி வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் கோயில் நடைதூரம்தான். ஆனால் அங்கே லிஃப்ட் ஓடும் என்று எண்ணி முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போகவேண்டாம்.

கோயில் நடை நண்பகலை ஒட்டிச் சாத்தி நான்கு மணிவாக்கில் திறக்கும். மாலைக் கச்சேரி அதற்கும் பிறகு. நடுவில் நாள் காலியாகத் தெரியும். ஆபத்து அங்கேதான். உறவினர் யாரோ ஒருவருக்கும் அது காலியாகத் தெரிந்துவிடும். "அந்தப் பக்கம்தானே வர்றீங்க, அப்படியே ஒரு கையெழுத்து. பத்து நிமிஷ வேலை."

கையெழுத்து குடும்பச் சொத்துப் பத்திரத்தில். அதைப் பதியும் சார்பதிவாளர் அலுவலகத்தில் எதுவும் பத்து நிமிட வேலை இல்லை. ஆவணத்தை முன்கூட்டியே இணையத்தில் ஏற்றி டோக்கன் வாங்கியிருக்க வேண்டும். அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள் நேரில் வரவேண்டும், ஒருவர் தாம்பரத்திலிருந்து "கிளம்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அப்பா காலத்து மூலப்பத்திரம் வேண்டும், அது எந்த வீட்டு பீரோவில் இருக்கிறது என்பது அன்று காலைதான் பேச்சுக்கு வரும். பான் அட்டை கேட்பார்கள். புகைப்படம், கைரேகை. சர்வர் மெதுவாக இருந்தால் எல்லோரும் பெஞ்சில்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் பெயரில் மாட்டும். பத்திரத்தில் இனிஷியலோடு இருக்கும் பெயர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி முன்னும் பின்னும் மாறியிருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி, மறுபடி வரிசை. பத்துக்கு உள்ளே போனவர் மூன்றரைக்கு வெளியே வந்தால் சீக்கிரம் என்றே சொல்லவேண்டும். மார்கழியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கமாட்டோம் என்கிற குடும்பம்தான் இதற்கு மட்டும் நாள் பார்க்காது.

விமானம் ஏறுமுன், இரண்டு வாரம் இருக்கும்போதே, வரைவைக் கேட்டு வாங்குங்கள். தலைப்பைப் படியுங்கள். "பவர்தான்" என்று வாயால் சொன்னது காகிதத்தில் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். முன்னது உங்கள் சார்பில் செயல்பட ஒருவருக்குத் தரும் அதிகாரம். பின்னது உங்கள் பாகத்தையே விட்டுக்கொடுப்பது. பவர் என்றால் அது பொதுவா, ஒரே காரியத்துக்கான தனி அதிகாரமா, விற்கும் உரிமையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் மூலப்பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பவர் மட்டும்தான் என்றால் அதற்கு சென்னைக்கே வரவேண்டியதில்லை. நீங்கள் வாழும் ஊரின் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். அம்மாவின் கையெழுத்தும் தேவை, அவரால் படியேற முடியாது என்றால், அலுவலரே வீட்டுக்கு வந்து பதியப் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு. தனிக் கட்டணம் கட்டி முன்னதாக மனு கொடுக்கவேண்டும். இதை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

"நீ அங்க இருக்கே, இங்க நாங்கதானே பாத்துக்கறோம்" என்ற பேச்சு வரும். அது பொய்யில்லை, அதனால்தான் வலிக்கிறது. கூரை ஒழுகியபோது தார்ப்பாய் விரித்தது யார், அம்மாவை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அந்தக் கடனைத் தீர்க்கிற இடம் பதிவு அலுவலகத்துப் பெஞ்சு இல்லை. வேறொரு நாள், பேசி, படித்து, வேண்டுமானால் மனமொப்பி எழுதிக்கொடுங்கள். இந்த நாளில் வேண்டாம்.

அந்த நண்பகல் நேரத்துக்கு நல்ல பயன் உண்டு. பிற்பகல் கச்சேரிகளுக்கு, கச்சேரி நடத்தும் சபாக்களில் பெரும்பாலானவற்றில் கட்டணம் கிடையாது. நாளைய பெரிய பெயர்கள் அங்கேதான் பாடிக்கொண்டிருப்பார்கள். கோயிலிலிருந்து டி.டி.கே. சாலைக்கு இரண்டு கிலோமீட்டர் போல. அகாடமியும் நாரத கான சபாவும் அந்தச் சாலையில்தான். இலைச் சாப்பாடு என்றால் பன்னிரண்டுக்கு முன்பே சபா கேன்டீன் வரிசையில் நில்லுங்கள். டிபன் என்றால் பொங்கல், வடை உடனே வரும், ரவா தோசை வார்த்துத்தான் வரவேண்டும். பாட்டு நின்று மிருதங்கம் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் காபிக்கு எழுந்துபோகிற கெட்ட வழக்கம் ஒன்று உண்டு. மிருதங்கக்காரருக்கு அது அவமரியாதை, காபி வரிசையும் அப்போதுதான் மிக நீளம்.

மாலைக் கச்சேரிக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். "எனக்கு எதுக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்பார். இரண்டாவது முறையும் கேளுங்கள், மூன்றாவது முறையும். நாலு கிலோமீட்டரில் இருக்கும் சபாவுக்கு அவர் கடைசியாக எப்போது போனார் என்று கேட்டால் உங்களுக்கே பதில் தெரியும். பால்கனி வேண்டாம், கீழ்த்தளத்தில் ஓரத்து இருக்கை, கழிப்பறைக்கு எழ வசதி. வெளியே சாயங்காலம் இதமாக இருக்கும், உள்ளே ஏசி எலும்பைத் தொடும், சால்வை அவசியம். பெரிய பெயர் என்றால் டிக்கெட்டை முன்பே வாங்கிவையுங்கள், வாசலில் கிடைக்காது. பிள்ளைகள் இரண்டரை மணி நேரம் உட்காரமாட்டார்கள். அவர்களை வேறு யாரிடமாவது மெரினாவுக்கு அனுப்பிவிடுங்கள், சுண்டல் சாப்பிடட்டும், தண்ணீரில் மட்டும் இறங்கவேண்டாம்.

கடைசிப் பாட்டான மங்களம் முடிந்ததும் வாசலில் நிற்கிற அத்தனை கைபேசிகளும் ஒரே ஆட்டோவைத் தேடும். அதற்கு முன் வரும் சிறு பாடல்களான துக்கடா தொடங்கியவுடன் ஒருவர் வெளியே போய் வண்டியைப் பிடித்து நிறுத்தவேண்டும். செயலிகளுக்கு இந்திய எண் தேவைப்படலாம், அதனால் உள்ளூர் சிம் உள்ள கைபேசியோடு போங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருங்கள், பாதியில் எழுந்துபோவது உங்களுக்குப் பழகியதுதான். மங்களம் பாடி முடியாமல் அம்மா எழுந்திருக்கமாட்டார்.