கார் ஓட்டப் பழகுவதா, வேண்டாமா: சிங்கப்பூரில் தெளிவாக முடிவெடுக்கும் வழி

நாற்பது வயதைக் கடந்தும் ஓட்டுநர் உரிமம் எடுக்காதவர்கள் சிங்கப்பூரில் ஏராளமாக இருக்கிறார்கள். சுமார் மூன்றில் ஒரு குடும்பத்திடம் மட்டுமே கார் உள்ள ஊரில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் திருமண விருந்திலோ தீபாவளிக்கு உறவினர் கூடும்போதோ "இன்னுமா லைசென்ஸ் எடுக்கவில்லை?" என்று யாராவது கேட்டால், "அடுத்த வருடம் எடுத்துவிடுவேன்" என்றுதான் பெரும்பாலோர் பதில் சொல்கிறார்கள். அந்த அடுத்த வருடம் பத்து வருடங்களாக நீளும்போது, ஓட்டுவதற்கான பயிற்சியும் தொடங்குவதில்லை; ஓட்டாத வாழ்க்கைக்கு வேண்டிய ஏற்பாடுகளையும் செய்துகொள்வதில்லை. ஓட்டாமல் இருப்பதைக் காட்டிலும் இந்த முடிவின்மையே ஒருவரை அதிகம் அலைக்கழிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதிலிருந்து வெளியே வர விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உண்மையான காரணத்தைக் கண்டறிதல்

வாய்க்கு வரும் முதல் காரணம் பெரும்பாலும் பணமாகத்தான் இருக்கும். கார் விலையைச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை என்பதால், அச்சம், உடல்நிலை, விருப்பமின்மை, நேரமின்மை ஆகிய எல்லாமே அந்த ஒரு விடைக்குள் ஒளிந்துகொள்கின்றன. எனவே உங்களிடமே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நாளைக்கே யாராவது ஒரு காரையும் அதற்கான எல்லாச் செலவுகளையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டால், வகுப்பில் சேர்வீர்களா? சேர்வேன் என்று மனம் உடனே சொன்னால் உங்கள் தடை பணம்தான். தயங்கினால் வேறு காரணம் உள்ளது. அதைத் தேட வேண்டும்.

அந்த வேறு காரணங்களில் அதிகம் காணப்படுவதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அச்சமே. சிறு வயதில் விபத்தொன்றைப் பார்த்தவர்கள், விபத்தில் உறவினரை இழந்தவர்கள், கனரக வாகனங்கள் அருகில் விரைந்து செல்லும்போது உடல் விறைத்துப்போகிறவர்கள் எனப் பலர் உண்டு. தன்னால் பிறர் உயிருக்குத் தீங்கு நேர்ந்துவிடுமோ என்ற கவலையும் இதில் சேரும். அது கோழைத்தனம் ஆகாது. ஓர் இயந்திரத்தின் ஆற்றலைச் சரியாகப் புரிந்துகொண்ட மனத்தில் எழும் பொறுப்புணர்வு அது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிப்பது பயன் தரும். பிறர் ஓட்டும் காரில் முன்னிருக்கையில் அமர்ந்து தீவு விரைவுச்சாலையில் செல்லும்போது நீங்கள் இயல்பாக இருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் அச்சம் தெரியாத வேலையைப் பற்றியது. பொறுமையான பயிற்றுநரிடம் பழகினால் அது படிப்படியாகக் குறைய வாய்ப்புண்டு. பயணியாக அமர்ந்தாலும் நெஞ்சு படபடத்துக் கைகள் வியர்க்குமானால், ஓட்டுநர் பயிற்சியில் சேர்வதற்கு முன்பே அந்த அச்சத்திற்கு உதவி தேட வேண்டும். அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சை நன்கு நிறுவப்பட்ட ஒன்று. பலதுறை மருந்தகத்தின் மருத்துவரிடம் பேசி அதற்கான பரிந்துரையைப் பெறலாம். பிற்காலத்தில் ஓட்டுகிறீர்களோ இல்லையோ, ஒவ்வொரு வாடகைக்கார்ப் பயணத்தையும் வேதனையோடு கடக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

உடல்நிலை சார்ந்த காரணங்களுக்கு விவாதமே தேவையில்லை. வலிப்பு நோய், கண்ணாடி அணிந்தும் போதிய அளவு தெளியாத பார்வை, தூக்கத்தை வரவழைக்கும் மருந்துகள் ஆகியவை இருந்தால் மருத்துவரின் சொல்லே இறுதி. அதை விருந்தினர் கூட்டத்தில் விளக்கும் கடமை உங்களுக்குக் கிடையாது. "மருத்துவர் வேண்டாம் என்றிருக்கிறார்" என்ற ஒரு வரி போதும். கைகால்களை ஒருங்கிணைப்பது மட்டுமே சிரமமாக இருப்பவர்கள், கிளட்ச் இல்லாத தானியங்கிக் கார்களுக்கு உரிய 3ஏ பிரிவு உரிமம் தனியாக இருப்பதை அறிந்துகொள்வது நல்லது. இன்று சாலையில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை அவ்வகையைச் சேர்ந்தவையே என்பதால், அந்த உரிமத்தால் பெரிய இழப்பு ஏதும் இல்லை.

விருப்பமில்லை என்பதும் முழுமையான காரணமே. ரயிலில் படிப்பதையும் பேருந்தின் மேல்தளத்தில் அமர்ந்து வருவதையும் விரும்புகிறவருக்கு வேறு சான்று எதற்கு?

பணக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்த்தல்

பணம்தான் காரணம் என்று தெளிந்தவர்களும் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. எழுதாத கணக்கு மனத்தில் குற்றவுணர்வாகத் தங்கிவிடுகிறது. 1990-இல் நடைமுறைக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறைப்படி, மாதத்திற்கு இருமுறை நடக்கும் ஏலத்தில் சான்றிதழைப் பெற்ற பிறகே ஒருவர் புதிய காரைப் பதிவு செய்ய முடியும். அந்தச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். கார்களின் எண்ணிக்கையைப் பெருகவிடக்கூடாது என்பதற்காக 2018 பிப்ரவரி முதல் அதன் வளர்ச்சி விகிதம் சுழியமாக வைக்கப்பட்டுள்ளது. 2023-இல் சிறிய கார்களுக்கான சான்றிதழ் விலையே ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டியது.

எடுத்துக்காட்டாக, இறக்குமதி மதிப்பு 20,000 வெள்ளியுள்ள எளிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 விழுக்காட்டுச் சுங்க வரி 4,000 வெள்ளி. இவ்விரண்டின் மீதும் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி 2,160 வெள்ளி. கூடுதல் பதிவுக் கட்டணம் 20,000 வெள்ளி. பதிவுக் கட்டணம் 350 வெள்ளி. சான்றிதழ் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 146,510 வெள்ளி ஆகிறது. விற்பனையாளரின் லாபம், மாசு வெளியீட்டைப் பொறுத்து அமையும் தள்ளுபடி அல்லது கூடுதல் கட்டணம், காப்புறுதி, சாலை வரி, எரிபொருள், மின்னியல் சாலைக் கட்டணம் ஆகிய எவையும் இதில் சேரவில்லை. சான்றிதழை மட்டும் 120 மாதங்களுக்குப் பகிர்ந்தாலே மாதத்திற்கு ஏறத்தாழ 833 வெள்ளி வருகிறது. 20 வெள்ளிக்கு ஒரு வாடகைக்கார்ப் பயணம் என்று கொண்டால், அது மாதம் நாற்பதுக்கும் மேற்பட்ட பயணங்களுக்கு ஈடாகும்.

ஆனால் இந்தக் கணக்கு கார் வாங்குவதற்கு எதிரான வாதம். உரிமம் எடுப்பதற்கு எதிரானதன்று. உரிமத்தின் செலவு வகுப்புகளையும் தேர்வுகளையும் சேர்த்துச் சில ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்துவிடும். அது கையில் இருந்தால் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் பகிர்வுக் கார்களை ஓட்டலாம். களப்பணி, விற்பனை, பராமரிப்பு போன்ற துறைகளில் உரிமம் கேட்கும் வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இவ்விரண்டு முடிவுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே, கார் வாங்க முடியாது என்பதை உரிமம் தேவையில்லை என்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றைத் தனித்தனியாக முடிவு செய்யுங்கள்.

ஓட்டாமல் வாழ்வதற்கான ஏற்பாடுகள்

ஓட்டுவதில்லை என்று முடிவாகிவிட்டால், அதற்கேற்ற வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டும். இதில் எல்லாவற்றிலும் முக்கியமானது வீடு. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை வாங்கும்போது, விளம்பரத்தில் குறிப்பிடப்படும் தொலைவை நம்பிவிடாமல், வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலைய நுழைவாயில் வரை நண்பகல் வெயிலில் ஒருமுறையும் மழை பெய்யும் மாலையில் ஒருமுறையும் நடந்து பாருங்கள். கூரையிட்ட நடைபாதை எங்கே அறுபடுகிறது, சக்கர நாற்காலி செல்லச் சரிவுப்பாதை உள்ளதா என்பதையும் கவனியுங்கள். 2030களில் பத்தில் எட்டுக் குடும்பங்கள் ரயில் நிலையத்திற்குப் பத்து நிமிட நடைத்தொலைவில் இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. உங்கள் வட்டாரத்திற்கு வரவிருக்கும் பாதை எது என்று தெரிந்துகொண்டால் இன்றைய குறை எவ்வளவு காலத்திற்கு என்பதையும் கணிக்கலாம். அடிக்கடி செல்லும் இடங்களும் கணக்கில் வர வேண்டும். வாரந்தோறும் லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கச் செல்கிறவருக்கு, வடகிழக்குப் பாதையும் டௌன்டவுன் பாதையும் லிட்டில் இந்தியா நிலையத்தில் சந்திக்கின்றன என்பது வெறும் வரைபடச் செய்தியாக இராது.

சிறு குழந்தை உள்ளவர்கள் ஒரு சட்ட விவரத்தை அறிந்திருக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு காரில் உரிய பாதுகாப்பு இருக்கை தேவை. டாக்சிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு, செயலிவழி வரும் தனியார் வாடகைக்கார்களுக்கு இல்லை. எனவே செயலியில் பதிவு செய்யும்போது குழந்தை இருக்கையுள்ள வண்டியையோ டாக்சியையோ தேர்ந்தெடுங்கள். பேருந்துகளில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்ற 2017 முதல் அனுமதி உள்ளது.

வயதான பெற்றோர் விஷயத்தில்தான் ஓட்டாத மகனோ மகளோ உள்ளூரக் குறுகிப்போகிறார்கள். "ஒரு கார் இருந்திருந்தால்" என்ற எண்ணம் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் வருவது இயல்பே. எனினும் எண்ணிப் பாருங்கள்: தனியாகக் காரோட்டி வரும் மகன், நடக்க முடியாத தாயை வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்துமிடம் தேடிப் போக வேண்டியிருக்கிறது, வாடகைக்காரில் வருபவர் தாயின் கையை விடாமலேயே உள்ளே செல்கிறார். வழக்கமான சிகிச்சைப் பயணங்களுக்கு, துணைக்கு ஆள் அனுப்பி வண்டியும் ஏற்பாடு செய்யும் சேவை உண்டு. உங்கள் பெற்றோர் அதற்குத் தகுதி பெறுவார்களா என்பதை ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடமோ மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ கேட்டறியலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 995, அவசரமற்ற நிலையில் 1777 ஆகிய எண்களை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நெஞ்சுவலி வந்தவரைச் சொந்தக் காரில் ஏற்றிச் செல்வதைவிட, உள்ளே சிகிச்சை தரும் அவசர மருத்துவ வாகனத்தை அழைப்பதே பாதுகாப்பானது. ஆகவே கார் இல்லாததால் அந்தக் கணத்தில் நீங்கள் எதையும் இழப்பதில்லை.

இரவுப் பயணத்திற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். ரயில்கள் நள்ளிரவையொட்டி நின்றுவிடுகின்றன. முன்பு ஓடிய நள்ளிரவுப் பேருந்துச் சேவைகள் 2022-இல் முடிவுக்கு வந்துவிட்டன. டாக்சிக்கோ நள்ளிரவுக்குப் பின் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம். மாதந்தோறும் ஒரு தொகையை இதற்கென ஒதுக்கி வைத்தால், விருந்திலிருந்து பாதியில் எழுந்து ஓடும் நிலை வராது. இறுதிச் சடங்குக்காக மண்டாய் தகனச்சாலைக்குச் செல்ல நேரும்போது, துக்க வீட்டார் பேருந்து அமர்த்தியிருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அமர்த்தியிருப்பார்கள்.

பிறர் காரில் செல்வதும், வீட்டாரிடம் சொல்வதும்

ஓட்டாதவர் மீது சுற்றத்தார் கொள்ளும் மனத்தாங்கல் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது. "போகிற வழியில் விட்டுவிடுங்கள் அண்ணா" என்று கேட்கும்போது, உங்கள் வீடு உண்மையில் அவர் வழியில் இருப்பதில்லை. எனவே வீட்டைச் சொல்லாமல், அவர் பாதையில் இருக்கும் ரயில் நிலையத்தைச் சொல்லுங்கள். ஒருவரோடு அடிக்கடி செல்வதாக இருந்தால், வண்டி நிறுத்தும் கட்டணத்தையும் சாலைக் கட்டணத்தையும் நீங்களே செலுத்த முன்வாருங்கள். அவர் வாங்க மறுத்தால், அடுத்த சாப்பாடு உங்களுடையதாக இருக்கட்டும். தாமாக அழைக்காத யாருடைய காரையும் எதிர்பார்க்காதவருக்கு உரிமம் இல்லாதது ஒரு குறையாகவே யாருக்கும் தோன்றாது.

கணவனோ மனைவியோ ஒருவர் மட்டும் ஓட்டும் குடும்பங்களில் மனம்விட்டுப் பேசியே ஆக வேண்டும். ஓட்டுகிறவர் நோயுற்றால் வீடு எப்படி நகரும் என்பதை நல்ல நாளிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அவர் ஓட்டுகிறார் என்ற ஒரே காரணத்தால் மற்றவர் பழகாமல் விட்டிருந்தால், அது எடுத்த முடிவன்று. பழக்கத்தால் நேர்ந்துவிட்ட ஒன்று. நம் குடும்பங்களில் பெண்கள் பலர் இந்நிலையில் இருப்பதைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் இந்தக் கேள்வியைத் தமக்காகப் புதிதாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வேலை மாறும்போதும், வீடு மாறும்போதும், பெற்றோரின் உடல்நிலை மாறும்போதும் முடிவை மீண்டும் எடைபோடலாம். பழகுவது என்று முடிவானால், முதலில் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வை மட்டும் எழுதிப் பாருங்கள். 50 கேள்விகளில் 45-க்குச் சரியான விடை அளிக்க வேண்டும். அதில் தேறிய பிறகு, பழகுநர் உரிமம் பெற்றுச் சில வகுப்புகளுக்குச் செல்லுங்கள். சக்கரத்தைப் பிடித்து உட்காரும்போது உங்கள் அச்சம் குறைகிறதா, கூடுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். இறுதிக் கோட்பாட்டுத் தேர்வும் செய்முறைத் தேர்வும் அதன் பின்னர்தான். இந்தியாவில் எடுத்த உரிமத்தோடு இங்கு வந்தவர்கள் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேறி அதை இங்குள்ள உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். அங்கும் இங்கும் இடப்பக்கமாகவே ஓட்டுகிறோம் என்பதால் கை புதிதாகப் பழக வேண்டியதில்லை. வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கும் வழி அடைபடவில்லை: ஐம்பதில் எடுத்த உரிமம் 65 வயது வரை செல்லும், அதன் பிறகு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையில் தேறினால் தொடர்ந்து ஓட்டலாம்.