இரண்டு டூருக்கு நடுவில் இடைவெளி: சரிசெய்த விதம்

சேலத்திலிருந்து தனியாக ஐரோப்பா போகத் திட்டமிட்டபோது இடித்தது ஒரே இடம். இத்தாலி டூர் ரோமில் முடிகிறது. ஸ்பெயின் டூர் சில நாள் கழித்து மாட்ரிட்டில் தொடங்குகிறது. நடுவில் தங்க இடமில்லை. ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி, ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எல்லா ராத்திரிக்கும் தங்குமிடச் சான்று வேண்டும்.

முதலில் ஒரு தாளில் தேதி, ஊர், தங்குமிடம், யார் புக்கிங் என்று வரிசையாக எழுதினேன். காலியான கட்டங்கள் உடனே தெரிந்துவிடும். அந்த நாட்களை மாட்ரிட்டிலேயே, டூர் கூடும் ஹோட்டலில் போட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும், சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். இடைவெளி நாட்கள் எந்தப் பக்கம் சேர்கின்றன என்பதைப் பொறுத்து விண்ணப்பமே மாறலாம். நுழையும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். எந்த 180 நாளிலும் ஷெங்கன் நாடுகளில் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம்.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோ, இடைவெளி உட்பட மொத்தப் பயணத்துக்கும். டூர்காரர் தரும் பாலிசி பெரும்பாலும் அவர் டூர் தேதியோடு நின்றுவிடும்.

ஆள் சேராவிட்டால் டூர் ரத்தாகலாம். 'புறப்பாடு உறுதி' என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே விமான டிக்கெட். தனி அறைக்கான கூடுதல் கட்டணத்தையும் அப்போதே கேளுங்கள், விளம்பர விலை இருவர் பகிரும் அறைக்கு.

விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் போதும்.